இன்னும் எத்தனை சுற்று

ஜூன் 8, ஞாயிறு

இன்று ஆறு வாள்வீச்சுக்கு இரண்டு மணி நாற்பது நிமிடம் ஆனது. எங்களோடு ஆட வரும் கீழ்வீட்டு ரஃபீக் நடுவில் எழுந்து கடைக்குப் போய், தேங்காய் வாங்கி, வீட்டில் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தபோதும் அதே வெட்டு இன்னும் விழுந்து முடிந்திருக்கவில்லை.

எல்லாம் என் மனைவி கோகிலாவின் அட்டவணைகள் செய்கிற வேலை. வாள் எந்தக் கோணத்தில் வந்தது என்று ஒரு பகடை, உடம்பில் எங்கே பட்டது என்று ஒன்று, தோல் கவசம் தாங்கியதா என்று ஒன்று, ரத்தம் எவ்வளவு என்று இன்னொன்று. இருபது வருடம் பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. சுளுக்கு, மூச்சிரைப்பு, முட்டி பெயர்வது எல்லாம் நேரில் பார்த்தவள். மூன்று வருடமாக நாங்கள் இருவரும் சேர்ந்து உருவாக்கும் ‘எல்லைக் காவல்’ என்ற இந்த மேஜை விளையாட்டில் ஒரு பொய்கூட இருக்கக் கூடாது என்பது அவள் கட்சி. நான் பாலிடெக்னிக்கில் கணக்கு சொல்லிக்கொடுப்பவன். ஆட்டம் என்றால் ஆட முடிய வேண்டும் என்பது என் கட்சி.

ஆட்டம் எளிதுதான். ஒரு மலைக்கோட்டை, சில காவலாளிகள். ஆளுக்கொரு காவலாளி. எதிரிகளை நடுவர் ஆட்டுவிப்பார். நடுவர் நான். காலண்டர் அட்டையை மடித்து முன்னால் நிறுத்திக்கொண்டு, அதன் பின்னால் எதிரிகளுக்காகப் பகடை உருட்டுவேன்.

சண்டை எங்கே என்றால் காயத்தில். என் விதிப்படி ஒவ்வொருவருக்கும் பத்து உயிர். பூஜ்யம் ஆகும்வரை முழு பலத்தோடு நிற்கலாம். கோகிலா விதிப்படி அடிபட்டதுமே பலம் குறையும்.

“கை வெட்டுப்பட்டவன் அதே கையில திருப்பி வெட்டுவானாங்க? நீங்க வெட்டுவீங்களா? வெங்காயம் நறுக்கறப்ப விரல்ல லேசா கீறுனதுக்கு மூணு நாள் போர்டுல எழுதாம இருந்தீங்க!”

ரஃபீக் அரை மணி நேரம் சிரித்தான். அவள் விதியை ஆடிப் பார்த்தோம். முதல் அடி வாங்கியவன் அடுத்த அடியும் வாங்குகிறான், அதற்கடுத்ததும். முதல் பகடையிலேயே முடிவு தெரிந்துவிடுகிறது, மீதி ஒரு மணி நேரம் சும்மா சடங்கு. நான் அதற்குப் ‘பட்ட கால் விதி’ என்று பெயர் வைத்தேன். பட்ட காலிலே படும். அவளுக்குக் கோபம்.

செப்டம்பர் இருபதாம் தேதி பெங்களூரில் மேஜை விளையாட்டுக்காரர்கள் கூடுகிறார்கள். அங்கே முன்பின் தெரியாத எட்டுப் பேருக்கு இந்த ஆட்டத்தை நடத்தப்போவது அவள்தான், நானில்லை. “உக்காந்துட்டு இல்ல, நின்னுட்டே நடத்துவேன்” என்கிறாள். மார்ச்சில் சினைப்பைக் கட்டிக்கு அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து அவள் ஆசை என்று சொன்னது இது ஒன்றுதான்.

ஜூன் 12, வியாழன்

ஐந்தாவது கீமோ. ஊசி இறங்கும் நான்கு மணி நேரமும் மருந்துச்சீட்டின் பின்பக்கத்தில் மூச்சு விதி எழுதினாள். வாள் வீசுகிறவனுக்கு மூன்று சுற்றுக்கு மேல் மூச்சு நிற்காதாம். பள்ளியில் கபடிக் குழந்தைகளை வைத்து எண்ணிப் பார்த்தவள், அதனால் நான் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு முறை வாந்தி. ரசம் வைத்தேன், உப்பு அதிகமாகிவிட்டது.

ஜூன் 29, ஞாயிறு

கோகிலாவின் காவலாளிக்கு வேலாத்தா என்று பெயர். இன்று வேலாத்தா செத்திருக்க வேண்டும். எதிரிக்காக உருட்டினேன், இரண்டு பகடையும் ஆறு. அவள் விதிப்படியும் சாவு, என் விதிப்படியும் சாவு. அட்டைக்குப் பின்னால் அந்த ஆறுகளை ஒரு நொடி பார்த்தேன். “தோள்பட்டைய உரசிட்டுப் போயிருச்சு” என்றேன்.

இதில் தப்பில்லை. நல்ல நடுவர்கள் எல்லோரும் செய்வதுதான். மறைப்பு அட்டை எதற்கு இருக்கிறது? ஆட்டம் சுவையாகத் தொடர வேண்டும் என்பதற்காகத்தான். ஒருவரைப் பாதியில் எழுப்பி அனுப்பிவிட்டால் அந்த ஞாயிறே வீணாகிவிடும். வேலாத்தா தப்பித்ததில் கோகிலா கையைத் தட்டினாள். அவள் கையைத் தட்டி நாளாயிற்று.

இது முதல் தடவை இல்லை என்பதையும் எழுதிவைக்கிறேன்.

ஜூலை 24, வியாழன்

ஸ்கேன் ரிப்போர்ட் வந்தது. டாக்டர் கோகிலாவை எடை பார்க்க அனுப்பிவிட்டு என்னிடம் பேசினார். “நான் சொல்லட்டுங்களா, நீங்களே சொல்லிடறீங்களா?” என்று கேட்டார். நானே சொல்கிறேன் என்றேன்.

அவர் சொன்னதை இங்கே எழுதப் போவதில்லை.

வரும் வழியில் வண்டியை நிறுத்திக் கொய்யா வாங்கினோம். “என்னங்க சொன்னார்?” என்றாள். “அப்படியேதான் இருக்குதாம். மருந்த மட்டும் மாத்தறாங்க, சீக்கிரம் ஆறட்டும்னு” என்றேன். உப்பு மிளகாய்த்தூள் தொட்டு அரைக் கொய்யா சாப்பிட்டாள். ரிப்போர்ட் என் ஸ்டாஃப் ரூம் மேஜையில், விடைத்தாள் கட்டுகளுக்கு அடியில் இருக்கிறது.

ஜூலை 25, வெள்ளி

கோகிலா காலையில் சொன்னாள். “புது மருந்து நாலு தடவைன்னா செப்டம்பர் கடைசி ஆயிரும். பெங்களூர் வேண்டாங்க. அரைகுறையாப் போயி நாற்காலி புடிச்சுட்டு நிக்கறதுக்கு, எல்லாம் முடிச்சு ஜனவரில சென்னைல நடக்குதில்ல, அங்க தெம்பா நிக்கறேன்.”

சரி என்றேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

விதிப் புத்தகத்தை முப்பத்தோரு பக்கத்திலிருந்து பன்னிரண்டாகக் குறைத்துவிட்டேன். கோண அட்டவணை போயிற்று. கவச அட்டவணை போயிற்று. ஒரு வெட்டுக்கு இரண்டு பகடை, ஒரே உருட்டு. ஒரு சண்டை இருபது நிமிடத்தில் முடிய வேண்டும், நடுவில் ஓய்வு. இன்றைய ஆட்டக்காரர்களுக்குப் பொறுமை இல்லை, நேரமும் இல்லை.

பகடைகளையும் மாற்றினேன். பழையவை சின்னது, விரலுக்கு அகப்படுவதில்லை. இப்போது எலுமிச்சம்பழ அளவில் மரத்தில் செய்து வாங்கியிருக்கிறேன். எண்கள் தூரத்திலிருந்தே தெரியும், படுத்துக்கொண்டு பார்த்தாலும் தெரியும்.

“என் அட்டவணை பூராத்தையும் தூக்கிட்டீங்க” என்றாள் கோகிலா. கோபமாகச் சொல்லவில்லை. அவள் கோபப்படுவாள் என்று பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

செப்டம்பர் 1, திங்கள்

சாப்பிட்டது: இரண்டு இட்லி. வயிற்றில் நின்றது: ஒன்று.

செப்டம்பர் 20, சனி

பெங்களூர்க் கூட்டத்தின் படங்களை யாரோ அனுப்பியிருந்தார்கள். நீள நீளமான மேஜைகள், ஏகப்பட்ட சின்னப் பிள்ளைகள். கோகிலா ஒவ்வொரு படத்தையும் விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். “இந்த மேஜை எனக்கு இடுப்புக்கு வரும். நின்னுட்டே பண்ணிரலாம். ஜனவரிக்கு இன்னும் எத்தன நாள் இருக்குதுங்க?” என்றாள்.

நூற்றுச் சொச்சம் என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனேன். கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினேன். குழாயைத் திறந்துவிட்டு அழுதேன் என்று எழுதுவதில் என்ன வெட்கம், அழுதேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

ஆட்டம் முடிந்து படியிறங்கும்போது ரஃபீக் மெதுவாகக் கேட்டான். “அண்ணே, என் ஆளு இதுவரைக்கும் அஞ்சு தடவ செத்துட்டான். அக்காவோட வேலாத்தா சாகவே மாட்டாங்களா?”

“அதிர்ஷ்டம்டா” என்றேன்.

அவன் கூரியர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவன். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டே பார்சலை வாங்கி வைப்பது அவனுக்குப் பழக்கம். சரிண்ணே என்று போய்விட்டான்.

அக்டோபர் 5, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

இன்று ரஃபீக் வரவில்லை. கோகிலா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, ஸ்கோர் நோட்டைக் கேட்டாள். பள்ளியில் எல்லாப் போட்டிக்கும் புள்ளி குறித்த பழக்கம், எங்கள் ஆட்டங்களையும் ஒன்று விடாமல் குறித்துவைத்திருக்கிறாள். அரை மணி நேரம் ஏதோ எண்ணினாள். பிறகு கேட்டாள்.

“வேலாத்தா மேல நீங்க நூத்திப் பத்து தடவ உருட்டியிருக்கீங்க. ரெண்டு ஆறு விழறதுக்கு முப்பத்தாறுல ஒரு தடவைன்னு நீங்கதான சொன்னீங்க? அப்ப மூணு தடவயாவது விழுந்திருக்கோணும். ஒண்ணுகூட விழலீங்க.”

“அப்படியும் நடக்கலாம் கோகிலா. நூத்துக்கு நாலஞ்சு வாய்ப்பு இருக்குது.”

“என்னைப் பாத்துச் சொல்லுங்க.”

சொல்லிவிட்டேன். நான்கு தடவை விழுந்தது, நான்கு தடவையும் மாற்றிச் சொன்னேன் என்று. அவள் சிரித்தாள். நெடுநாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தாள். “அட கள்ளா! கணக்கு வாத்தியாரு பண்ற வேலையா இது?” எனக்கும் சிரிப்பு வந்தது. எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

சிரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று சிரிப்பை நிறுத்தினாள். என் முகத்தையே பார்த்தாள். பிறகு கேட்டாள்.

“ஸ்கேன் ரிப்போர்ட் எங்கீங்க?”

ஸ்டாஃப் ரூமில் என்றேன். ஞாயிற்றுக்கிழமை, பூட்டியிருக்கும் என்றேன். வாட்ச்மேனிடம் சாவி இருக்கும், எடுத்து வாருங்கள் என்றாள். போய் எடுத்து வந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் அதைத் தானே தோண்டி எடுத்து வந்து நீட்டுவது எப்படி இருக்கும் என்று இன்று தெரிந்துகொண்டேன். அவள் முதலில் தேதியைப் பார்த்தாள். அப்புறம்தான் படித்தாள்.

அக்டோபர் 6, திங்கள்

கோகிலா பேசவில்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

பேசவில்லை. கஞ்சி மட்டும் குடித்தாள்.

அக்டோபர் 9, வியாழன்

நான் கல்லூரிக்குப் போன நேரத்தில் ரஃபீக்கைக் கூப்பிட்டுக்கொண்டு டாக்டரிடம் போய் வந்திருக்கிறாள். சாயந்திரம் நான் வந்ததும் எதிரில் உட்காரச் சொன்னாள்.

“ஜூலைல உங்ககிட்ட என்ன சொன்னார்னு டாக்டர் சொல்லிட்டார். இப்ப நீங்க சொல்லுங்க.”

“அஞ்சாறு மாசம்னார்.”

“அப்புறம்?”

“மருந்த மாத்திக் குடுத்துப் பாக்கலாம், ஆனா பெருசா ஒண்ணும் மாறாதுன்னார்.”

“அப்புறம்?”

இதைத்தான் நான் ஜூலையில் எழுதவில்லை. அவள் காத்திருந்தாள்.

“அவங்களுக்கு ஏதாச்சும் செய்யோணும்னு ஆசையிருந்தா இப்பவே செஞ்சிருங்க, இன்னும் ரெண்டு மாசத்துக்கு நல்லா நடமாடுவாங்கன்னார்.”

“ரெண்டு மாசம்” என்றாள். விரல்விட்டு எண்ணினாள். ஆகஸ்ட், செப்டம்பர். “பெங்களூர் போயிருப்பேங்க. இந்தக் காலு ரெண்டும் நின்னிருக்கும். அந்த ரெண்டு மாசத்தையும் வாளியப் புடிச்சு வாந்தியெடுத்தே தீத்துட்டேன். நல்லாகப் போறேன்னு நெனச்சு எடுத்தேன்.”

உன்னைப் பயமுறுத்த வேண்டாம் என்றுதான் மறைத்தேன் என்றேன்.

“பயமில்லைன்னு சொல்ல மாட்டேங்க. பயந்தான். ஆனா அந்தப் பயம் என்னுதில்ல? அத எடுத்து ஒளிச்சுவெக்க நீங்க யாருங்க?”

இருபத்திரண்டு வருடத்தில் அவள் என்னை யார் என்று கேட்டதில்லை.

கடைசியில் சொன்னாள். “இனிமே ஊசி வேண்டாம். நான் சொல்லீட்டு வந்துட்டேன். உங்ககிட்ட கேக்கல, சொல்றேன்.”

வேண்டாம் என்று வாதாட என்னிடம் எத்தனையோ கணக்கு இருந்தது. என் கணக்கை இனி இந்த வீட்டில் யார் நம்புவார்கள்?

அக்டோபர் 19, ஞாயிறு

நாளைக்குத் தீபாவளி. தெருவில் இன்றே வெடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஜன்னலைச் சாத்தப் போனேன், வேண்டாம் என்றாள்.

விதிப் புத்தகத்தை எடுத்துவரச் சொன்னாள். பத்து நாளில் அவளாகப் பேசியது இதுதான்.

“ரெண்டு பேருமே தப்புங்க” என்றாள். “உங்க விதில பத்து உயிர் இருக்கறவரைக்கும் ராசாவாட்டம் நிக்கறான், பூஜ்யம் வந்ததும் தொப்புன்னு விழறான். எந்த மனுசன் அப்படி விழறான்? என் விதில பட்டதுலருந்து நொண்டிக்கிட்டே கெடக்கறான். அத யாரு ஆடுவா? நீங்க எழுதுங்க.”

எழுதினேன். சாகிற காயம் பட்டவன் உடனே சாவதில்லை. நடுவர் எல்லோருக்கும் தெரிய மேஜை நடுவில் ஒரு பகடை உருட்ட வேண்டும். விழுந்த எண்தான் மிச்சமிருக்கிற சுற்று. அந்தக் கணக்கை அவனிடம் உடனே சொல்லிவிட வேண்டும். அந்தச் சுற்றுகளில் வலிக்கோ மூச்சுக்கோ ஒரு புள்ளியும் குறைக்கக் கூடாது. அவன் என்ன நினைக்கிறானோ செய்யலாம். எண்ணைக் கூட்டவோ குறைக்கவோ யாராலும் முடியாது.

“நடுவராலயும் முடியாதுன்னு எழுதுங்க.”

எழுதினேன். ஆனால் பாழாய்ப்போன பழக்கம், வாய் சும்மா இருக்கவில்லை. ஆட முடியாது கோகிலா என்றேன். சாகப் போகிறோம் என்று தெரிந்தபின் எவனுக்கு ஆட மனம் வரும், எழுந்து போய்விடுவான் என்றேன்.

“குடுத்துப் பாத்தாத்தான தெரியும்” என்றாள். “குடுக்காமயே எப்படித் தெரியும் உங்களுக்கு?”

நவம்பர் 2, ஞாயிறு

இன்று கோகிலா நடுவர். கட்டில் பக்கத்தில் மேஜையை இழுத்துப் போட்டோம். நானும் ரஃபீக்கும் காவலாளிகள். மறைப்பு அட்டை இல்லை. எதிரிகள் மதில் ஏறும் சத்தத்தை அவள் சொன்ன விதத்தில் ரஃபீக் திரும்பி ஜன்னலைப் பார்த்தான். இத்தனை மாதம் நான் நடத்தியபோது ஒரு தடவைகூட அவன் அப்படித் திரும்பியதில்லை.

இருபது நிமிடம். அப்புறம் குரல் போய்விட்டது. “நீங்க முடிச்சிருங்க” என்று பகடையை என் பக்கம் தள்ளினாள். ரஃபீக் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தண்ணீர் கொண்டு வருகிறேன் என்று எழுந்து போனான்.

அப்போது கேட்டேன். “என்னை மன்னிச்சிட்டியா கோகிலா?”

யோசித்தாள். எப்போதும் போலச் சரியாக யோசித்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். “இல்லீங்க.” கொஞ்சம் கழித்து, “காலு வலிக்குது, அமுக்கி விடுங்க” என்றாள்.

அமுக்கினேன். பத்தாயிரம் மீட்டர் ஓட்டத்தில் மாவட்டத்துக்கு முதலாவதாக வந்த கால். என் மணிக்கட்டு அளவுகூட இல்லை.

நவம்பர் 16, ஞாயிறு

காலை ஒன்பது இருபது.

டிசம்பர் 7, ஞாயிறு

ரஃபீக் வீட்டிலிருந்து சாப்பாடு வருகிறது. டப்பாவைக் கழுவிக் கொடுத்தனுப்புகிறேன். இன்று ஞாயிறு என்று சாயந்திரம்தான் தெரிந்தது.

டிசம்பர் 21, ஞாயிறு

சென்னைக் கூட்டத்திலிருந்து கூப்பிட்டார்கள். கோகிலவாணி பெயரில் ஒரு மேஜை பதிவாகியிருக்கிறதாம், வருகிறார்களா என்றார்கள். அவள்தான் நவம்பரில், நடக்க முடியாத நிலையில், என்னிடம் சொல்லாமல் பதிவு செய்திருக்கிறாள். தனக்காகப் பதிவு செய்திருக்க மாட்டாள், அந்தக் கணக்கு அவளுக்குத் தெரியும்.

வருகிறேன் என்றேன்.

ஜனவரி 10, சனி, சென்னை

எட்டுப் பேர் வந்தார்கள், எல்லோரும் என் மாணவர்கள் வயது. நான் நின்றுகொண்டே நடத்தினேன். முதல் அரை மணி நேரம் எனக்கே என் குரல் கேட்கவில்லை, பிறகு பழகிவிட்டது. சண்டைகள் வேகமாக நடந்தன. மூச்சு விதிக்கு நல்ல வரவேற்பு. ஒரு பையன் தன் காவலாளிக்காக நிஜமாகவே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஷெரின் என்று ஒரு பெண், கல்லூரியில் இரண்டாம் வருடம். மேற்கு வாசலில் நின்ற அவள் காவலாளிக்கு இரண்டு ஆறு விழுந்தது.

“சார், நான் செத்துட்டேனா?”

இன்னும் இல்லை என்றேன். விதியைச் சொன்னேன். மேஜை நடுவில், எல்லோரும் பார்க்க உருட்டினேன். மூன்று.

“உனக்கு இன்னும் மூணு சுத்து இருக்குதும்மா. அதுக்கு மேல இல்ல.”

அவள் எழுந்து போய்விடுவாள் என்று பார்த்தேன். அவள் நாற்காலியை மேஜைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“மூணா? மூணு நெறைய சார்!” என்றாள். “ஒரு நிமிஷம், யோசிச்சுக்கறேன்.”

முதல் சுற்றில் வாசல் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். இரண்டாவதில், அடிபட்டுக் கிடந்த பக்கத்துக் காவலாளியைச் சுவரோரம் இழுத்துவிட்டாள். மூன்றாவது சுற்றுக்கு எல்லோரும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். எதிரித் தலைவனை வெட்டு, மணியை அடி, அம்பு விடு. அவள் கையைக் காட்டி எல்லோரையும் அடக்கினாள்.

“சண்டை வேணாம் சார். மதில் மேல ஏறி நிக்கறா. வந்ததுலேருந்து சண்டையே போட்டுட்டிருந்தா, இந்த ஊர ஒரு தடவகூட பாக்கல. நின்னு பாக்கறா. அவ்ளோதான் சார். முடிச்சுட்டேன்.”

மூச்சைப் பிடித்த பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அடுத்தது யார் சார் என்று ஒருவன் கேட்டான், திரும்பவும் கேட்டான். எனக்கு மேஜை தெரியவில்லை.

ஷெரினுக்கு மூன்று சுற்று இருந்தது. ஜூலை இருபத்துநாலாம் தேதி கோகிலாவுக்கு அதைவிட எவ்வளவோ இருந்தது. நான் கொய்யா வாங்கிக் கொடுத்தேன்.